சொந்த மைதானத்து அமைதி

எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு டீம்கள் எங்கோ கிழக்கே மோதின. அதில் ஒன்று தோற்றதால், எங்கள் நாக்-அவுட் ஆட்டம் மில்வாக்கியிலேயே நடக்கும் என்று முடிவானது. ஊரே குதித்தது. எதிர் வீட்டுக்காரன் பனி தள்ளும் வண்டியைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான். என் தங்கை போன் செய்து, "நோரின், சொந்த மண்ணுடி! பாதி ஜெயிச்ச மாதிரிதான்!" என்று கத்தினாள். "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, என் அப்பா தன் மதுக்கடையில் மட்டும் சொல்லும் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னேன். அன்றைக்கு இந்த ஊரில் வெளியூர் ஆட்டம் வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவன் என் கணவன் வெண்டல். அவன் காரணமில்லாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

வெண்டலை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆட்டத்தை வாராவாரம் பார்க்கிறவர்களுக்கே தெரியாது. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் ஸ்டீமர்ஸ் டீமின் முன்வரிசையில் ஐந்து தடியர்கள் தோளோடு தோளாகக் குனிந்து நிற்பார்களே, அதில் இடது ஓரத்து ஆள். பன்னிரண்டு வருஷமாக அதே ஓரம். பந்தைத் தொட மாட்டான், எறிய மாட்டான், பிடிக்க மாட்டான். பின்னால் நின்று பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பதுதான் அவன் வேலை. எறிகிறவன் வலது கைக்காரன். இடது பக்கத்திலிருந்து ஓடி வருகிறவன் அவன் கண்ணில் படமாட்டான். அப்படி வருகிறவனை வெண்டல் மறிக்க வேண்டும். மறித்தால் யாரும் கவனிப்பதில்லை. தவறினால் ஒலிபெருக்கியில் அவன் எண்ணைச் சொல்வார்கள்: "எழுபத்தி நாலு, முன்கூட்டியே அசைந்தார்." இத்தனை வருஷத்தில் ஊர் என் கணவனைக் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான். கல்யாண விருந்துகளில் "உங்க வீட்டுக்காரர் டீம்ல என்ன பண்றார்?" என்று கேட்பவர்களிடம் "தள்ளுறார்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

போன வசந்தத்தில் ஒரு காலை எழுந்து உட்கார்ந்தவன், வலது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தான். மறுபடி சொடுக்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். டீம் டாக்டரிடம் போகாமல் மேடிசன் வரை கார் ஓட்டிக்கொண்டு போய் வேறொருவரைப் பார்த்தோம். நரம்பு செத்துவிட்டது, திரும்பி வராது என்றார். காரணம் கேட்டதற்கு, சில சமயம் காரணமே இருக்காது என்றார். இதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போனோம் என்று எனக்குக் கோபம் வந்தது.

வீட்டில் இதை வைத்துச் சிரிக்கவும் செய்தோம். ஒரு காது போனவனுக்குச் சத்தம் கேட்கத்தான் செய்யும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. நான் மாடியிலிருந்து கூப்பிட்டால் வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பான். போன் அடித்தால் ஃபிரிட்ஜைத் திறப்பான். ஃபிரிட்ஜைத் திறக்க அவனுக்குக் காரணம் தேவையில்லை என்பது வேறு விஷயம். வாக்குவாதம் பிடிக்கவில்லை என்றால் வலது பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிக்கொள்வான். மனுஷனுக்கு அது ஒரு வசதியாகிவிட்டது.

மைதானத்தில் சிரிக்க முடியாது. பந்து எப்போது கிளம்பும் என்பதைக் குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துச் சொல்வான். எத்தனையாவது குரலுக்கு என்று அவர்களுக்குள் முன்பே பேசி வைத்திருப்பார்கள். குரல் விழுந்ததும் ஐந்து பேரும் கிளம்பிவிடுவார்கள். எதிரியோ பந்து அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்ப முடியும். கண் சிமிட்டும் அந்த நேரம்தான், காற்றாக ஓடி வருகிறவனுக்கு எதிராக ஒரு கனத்த மனிதனுக்கு இருக்கும் ஒரே சலுகை. வெண்டலுக்கு அது போய்விட்டது. எங்கள் குவார்ட்டர்பேக் டெவின் கொடுக்கும் குரலும், குழப்புவதற்கென்றே எதிரிகள் போடும் கூச்சலும் ஒரே குப்பையாக இடது காதில் வந்து விழும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. முந்தினால் நடுவரின் தண்டனைக் கொடி விழும். பிந்தினால் டெவின் விழுவான்.

வெளியூரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நம் கையில் பந்து இருக்கும்போது உள்ளூர்க்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். யாருக்கும் எதுவும் கேட்காது. அதனால் ஊமை முறைக்கு மாறுவார்கள். டெவின் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவான். வெண்டலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெனி தலையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு, நடுவில் பந்தோடு குனிந்திருக்கும் எல்மரின் தொடையில் தட்டுவான். எல்மர் தலையை ஆட்டுவான். பந்து கிளம்பும். எல்லாம் கண் வேலை. ஐந்து பேருமே செவிடாகிவிட்ட இடத்தில் என் புருஷன் மட்டும் எப்படித் தனியாகத் தெரிவான்?

சொந்த ஊரில்தான் வம்பு. எங்கள் ஊர் ரசிகர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நம் டீம் கையில் பந்து வந்ததும் ஸ்டேடியம் முழுவதும் வாயைப் பொத்திக்கொள்ளும். யாராவது குடிகாரன் கூவினால் நாலு பக்கமிருந்தும் "உஷ்" என்று அடக்குவார்கள். டெவினின் குரல் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் அல்லவா? எல்லோருக்கும் கேட்டது, ஒருவனைத் தவிர.

நவம்பரில் இங்கே ஒரு ஆட்டத்தில் வெண்டல் பிந்தினான். டெவின் முதுகில் அடி வாங்கி, புல்லில் முகம் புதைய விழுந்தான். எழுந்திருக்க நேரமானது. அன்றிலிருந்து வெண்டலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான். ஏற்கனவே பனி தள்ளிய வாசலை மறுபடி தள்ளினான். நான் அவன் பின்னாலேயே விளக்குகளை அணைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஏன் சொல்லிவிடவில்லை என்று கேட்பீர்கள். அவனுக்கு முப்பத்து நாலு வயது. அவன் இடத்துக்குக் கழுத்தே இல்லாத ஒரு புதியவன் பெஞ்சில் காத்திருக்கிறான். வயதான முன்வரிசைக்காரனுக்குக் காது போச்சு என்றால் கைகுலுக்கி, முதுகில் தட்டி, வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். வெண்டல் ஒரு முறைகூட இறுதி ஆட்டம் ஆடியதில்லை. இந்த வருஷம் அது கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. "சீசன் முடியட்டும், நானே சொல்லிடறேன்" என்றான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்து தொலைத்தேன்.

வியாழக்கிழமைதோறும் முன்வரிசைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். நாக்-அவுட் வாரம் என்பதால் அந்த முறை மனைவிகளையும் அழைத்திருந்தார்கள். வெண்டல் வழக்கம்போல இடது காது எல்லோர் பக்கமும் இருக்கும்படி மேஜைக் கோடியைப் பிடிக்கப் பார்த்தான். ஆனால் தாமதமாக வந்த பெனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்துவிட்டான். பெனி டோங்கா தீவுக்காரர்களின் பிள்ளை, வளர்ந்தது யூட்டாவில். அவன் உட்கார்ந்தால் அப்புறம் யாராலும் நகர்த்த முடியாது. அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

பாதிச் சாப்பாட்டில் கோச் புருன்சன் எட்டிப் பார்த்தார். முன்வரிசைக்கு மட்டுமான கோச். எல்லோர் தட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நோரின், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதே."

"கேளுங்க கோச். தப்பா எடுத்துக்கறதா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்றேன்."

"வெளியூர்ல உன் புருஷன் இருபது வயசுப் பையன் மாதிரி ஆடறான். இங்க வந்தா மட்டும் காலை இழுக்கறான். வீட்டுல என்னதான் போடற அவனுக்கு?"

மேஜையே சிரித்தது. எனக்குக் காதுமடல்வரை சூடேறியது. பன்னிரண்டு வருஷமாக, பசியே இல்லாத நேரத்திலும் அவனைக் கெஞ்சி மிரட்டி ஊட்டி, ஓர் அவுன்ஸ் குறையாமல் அந்த உடம்பைக் காத்துக் கொடுத்தவள் நான். உண்மையைச் சொன்னால் ஒரே வாக்கியத்தில் என் சமையலின் மானத்தைக் காப்பாற்றிவிடலாம். சொல்ல முடியாது.

"உங்க வீட்டம்மா சமைக்கறதைச் சாப்பிட்டும் நீங்க நடமாடறீங்களே கோச், என் புருஷனுக்கு ஒண்ணும் ஆயிடாது" என்றேன்.

சிரிப்பு இரட்டிப்பானது. கோச்சும் சிரித்தார். "சரிதாம்மா. ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் அந்த வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பழியை என் உருளைக்கிழங்கு ஏற்றுக்கொண்டது. வெண்டல் தலையைக் குனிந்தபடி இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பெனியைக் கவனித்தேன். அவன் சிரிக்கவில்லை. மெல்லச் சாய்ந்து, வெண்டலின் வலது காதருகே, உதடு அசைவது தெரியாமல் சொன்னான்: "டேய் வெண்டல், உன் தட்டுல ஈ விழுந்திருக்கு."

வெண்டல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"உன் கார் தீப்பிடிச்சு எரியுதுடா."

வெண்டல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான், ஓரம்வரை, நிதானமாக.

பெனி மேஜையின் குறுக்கே என்னைப் பார்த்தான். நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். அது காலியாக இருந்தது. அப்படியும் குடித்தேன்.

கார் நிறுத்தத்தில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். வெண்டல் உள்ளே கோட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா?" என்றான் பெனி.

"எது?"

"நோரின், நான் முட்டாளா இருக்கலாம், குருடன் இல்ல."

"வசந்தத்துலேர்ந்து" என்றேன். சத்தியம் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

பெனி என் காரின் கூரையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு பனியைப் பார்த்தபடி நின்றான். "சீசன் பூரா அவனை ஒட்டி நின்னிருக்கேன். அவன் மூச்சு விட்டாலே என் தோளுக்குத் தெரியும். இந்தத் தடிமாடு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"திட்டியிருப்பேன். அப்புறம் ஏதாவது வழி பண்ணியிருப்பேன்." கூரையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டு சொன்னான்: "போட்டுக் கொடுக்க மாட்டேன். எங்க வரிசைல அது கிடையாது. ஆனா டெவினுக்கு ஒரே ஒரு கழுத்துதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எதிர்ல வர்ற அந்தத் தொண்ணூத்தி ஏழாம் நம்பர்க்காரனை நீ பார்த்திருக்கியா? அவன் ஓடி வர்றதைப் பார்த்தா எனக்கே அம்மா ஞாபகம் வருது. வெண்டலைச் சொல்ல வை. நீ சொன்னாத்தான் கேப்பான்."

"அதுவும் இடது பக்கமா நின்னு சொன்னாத்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டு, காலால் என் டயரை உதைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் வெண்டலின் இடது பக்கம் போய் நின்றேன்.

"பெனிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நீ சொன்னியா?"

"உன் காது சொல்லுச்சு. கார் எரியுதுன்னான், நீ வெண்ணெய் தடவிட்டிருந்த."

அவன் ஒரு அலமாரியைத் திறந்து மூடினான். இன்னொன்றைத் திறந்தான். "ஒரே ஒரு ஆட்டம், நோரின். இதை ஜெயிச்சா அடுத்தது வெளியூர். அப்புறம் இறுதி ஆட்டம், அங்கயும் ஒரே கூச்சலாத்தான் இருக்கும். இந்த ஒண்ணைத் தாண்டிட்டேன்னா போதும்."

"நீ தாண்டிடுவ. டெவின் தாண்டணுமே."

"பந்தைப் பாத்துக்கிட்டே கிளம்பறேன். சமாளிச்சுடலாம்."

"பந்தைப் பாத்தா வர்றவனை யாரு பாக்கறது? அந்தப் பையன் நம்ம மேஜைல உக்காந்து சாப்பிட்டிருக்கான் வெண்டல். உன் முதுகு இருக்கற தைரியத்துலதான் அவன் திரும்பிப் பாக்காம நிக்கறான்."

அவன் மெதுவாக, ஒரு கப்பல் திரும்புவதுபோல, வலது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் கையிலிருந்த துண்டை அவன்மேல் எறிந்தேன். அதற்கும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாயிலேயே உறைகிற குளிர். என் இருக்கைக்குப் பக்கத்தில் ஹார்வி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எத்தனையோ வருஷமாக அதே நாற்காலி, கையில் எப்போதும் ஒரு சாசேஜ். எங்கள் பகுதியை அடக்கி வைப்பது தன் பொறுப்பு என்று அவரே எடுத்துக்கொண்டவர். நம் கையில் பந்து வந்தால் எழுந்து பின்பக்கம் திரும்பி, "வாயை மூடுங்க எல்லாரும்! பையன் பேசறான்!" என்பார். மூடிவிடுவார்கள்.

முதல் சில தடவை பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டார்கள். தப்பித்தோம். பிறகு டெவின் எறிய வேண்டிய நேரம் வந்தது. ஸ்டேடியம் அடங்கியது. பல்லாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டெவின் குரல் கொடுத்தான், என் இருக்கைவரை கேட்டது. நான்கு பேர் கிளம்பினார்கள். ஐந்தாமவன் கிளம்பியபோது அந்தத் தொண்ணூத்தி ஏழு அவன் தோளைத் தாண்டியிருந்தான். டெவின் மடங்கி விழுந்தான், பந்து எங்கோ உருண்டது, எதிரிகள் அதை எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி சேர்த்தார்கள்.

டெவின் எழப் பார்த்தான். ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தான். வெண்டல் அவனைத் தூக்கிவிடக் கை நீட்டினான், அவனும் பிடித்துக்கொண்டு எழுந்தான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை வெண்டல் முந்திவிட்டான். விசில். கொடி. "எழுபத்தி நாலு, முன்கூட்டியே அசைந்தார்."

"அந்தக் கிழவனைத் தூக்கி வெளிய போடுங்கடா!" என்றார் ஹார்வி. பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரன்தான், தெரியும் பொண்ணே. ஆனாலும் வாய் நிக்க மாட்டேங்குது" என்றார்.

மறுபடி வரிசை குனிந்தது. மறுபடி எறிய வேண்டிய நிலை. தொண்ணூத்தி ஏழு தரையில் விரலை ஊன்றிக்கொண்டு காளைபோலக் கால்களைத் தேய்த்தான். ஹார்வி எழுந்து கையை உயர்த்தினார். அமைதி வந்து எங்கள் எல்லோர்மேலும் உட்கார்ந்தது. அந்த அமைதியை நான் வெறுத்தேன். நல்ல மனுஷர்கள் நல்ல எண்ணத்தோடு சேர்ந்து என் புருஷனையும் அந்தப் பையனையும் கொன்றுகொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்று கத்தினேன்.

வார்த்தையே இல்லை, வெறும் கத்தல்.

"பைத்தியமா உனக்கு?" ஹார்வி என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "பந்து நம்மகிட்ட இருக்கு!"

"தெரியும்! நீங்களும் கத்துங்க! எல்லாரும் கத்துங்க!"

"உஷ்!" "உக்காரும்மா!" "யாருடி இவ, அவங்க ஊர்க்காரியா?" பின்னாலிருந்து பாப்கார்ன் வந்து தலையில் கொட்டியது. இந்த ஊரில் நம் கையில் பந்து இருக்கும்போது கத்துவதைவிடச் சர்ச்சில் குடித்துவிட்டுப் பாடலாம். நான் நிறுத்தவில்லை. அத்தனை அமைதிக்கு நடுவில் ஒரே ஒரு பெண்ணின் குரல் மைதானத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தது. டெவின் நிமிர்ந்தான். குழம்பிப்போய் இரண்டு கைகளையும் சேர்த்து ஆட்ட இடைவேளை கேட்டான்.

வெண்டலுக்கு என் குரல் தெரியும். தலையைத் தூக்கி என்னைத் தேடினான், வேறு எங்கோ, எதிர்க் கூரைப் பக்கம். அதற்குள் ஏதோ புண்ணியவான் கேமராவை என்மேல் திருப்பியிருந்தான். பெரிய திரையில் நான் தெரிந்தேன். தலையெல்லாம் பாப்கார்ன், மூக்கு ஒழுக, வாயைப் பிளந்தபடி. ஸ்டேடியமே "ஊ" என்று என்னைப் பழித்தது. வெண்டல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கோச்சை நோக்கி நடந்தான். நடக்கும்போதே விரலை வலது காதில் வைத்துக் காட்டினான்.

அங்கே நடந்ததைப் பெனி பிறகு சொன்னான். "வலது காது போச்சு கோச். வசந்தத்துலேர்ந்து. டெவின், நவம்பர்ல உனக்கு விழுந்த அடியும் இன்னைக்கு விழுந்ததும் என்னாலதான்" என்றானாம் வெண்டல். கோச் வானத்தைப் பார்த்து நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, "போய் உக்காரு" என்றாராம். கழுத்தில்லாத புதியவன் ஓடி வந்து இடது ஓரத்தில் நின்றான். அதுவரை வெண்டல் நின்ற அந்த இடத்தில் வேறொரு எண்ணைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷத்தையும் நானே என் வாயால் முடித்து வைத்துவிட்டேன்.

அடுத்த பந்துக்குத் தொண்ணூத்தி ஏழு அந்தப் புதியவனை ஒரு கதவைத் திறப்பதுபோலத் தள்ளிவிட்டு உள்ளே வந்தான். டெவின் கால் வழுக்கித் தானாக விழுந்ததால் பிழைத்தான். எழுந்ததும் நேரே கோச்சிடம் போனான்.

"எனக்கு அந்தச் செவிடனே போதும், கோச். ஊமை முறைல ஆடலாம்."

"நம்ம வீட்லயா? ஜனம் நமக்காக வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு, நாம ஊமையாவா ஆடறது? எல்மர் தலையாட்டறதை வெச்சு அவனுங்க நேரம் கணக்குப் பண்ணிடுவானுங்க."

"பண்ணட்டும். எல்மர் சில தடவை ஒருவாட்டி ஆட்டட்டும், சில தடவை ரெண்டுவாட்டி ஆட்டட்டும். என் முதுகு கோச் இது. யாரு நிக்கணும்னு நான் கேக்கக் கூடாதா?"

வெண்டல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். பெனி அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டான். எனக்குத் தெரிந்து அது முழு பலத்தோடு விட்ட குத்து.

வரிசை குனிந்தது. அமைதி. டெவின் வாயே திறக்கவில்லை. காலைத் தூக்கினான். பெனி திரும்பிப் பார்த்தான். தட்டினான். எல்மர் தலையாட்டினான். ஐந்து பேரும் ஒரே உடம்பாகக் கிளம்பினார்கள். தொண்ணூத்தி ஏழு வெண்டலின் மார்பில் வந்து மோதி அங்கேயே நின்றான். பந்து பறந்தது.

"இதென்னடா, இங்க எதுக்கு ஊமை ஆட்டம்?" என்றார் ஹார்வி. "நாமதான் சத்தமே போடலையே." சாசேஜ் பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்த பாப்கார்னைப் பார்த்தார். "காதா?"

வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

"மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா பொண்ணே?"

"யார்கிட்ட?"

"என்கிட்ட!"

அவர் எழுந்தார். எத்தனையோ வருஷமாக எந்தப் பக்கம் திரும்பி வாயை மூடச் சொன்னாரோ, அதே பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கினார். "கத்துங்கடா! பந்து நம்மகிட்டதான் இருக்கு, எனக்குத் தெரியும்! கத்துங்க! எதிரிங்க ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குக் கேக்கக் கூடாது!"

முதலில் எங்கள் வரிசை மட்டும் கத்தியது. பக்கத்துப் பகுதி எங்களை அடக்கப் பார்த்தது. பிறகு என்ன ஆயிற்றோ, ஊமை முறையில் ஆட்டம் நடப்பதைப் பார்த்தார்களோ, குளிருக்கு இதமாக இருந்ததோ, ஒவ்வொரு பகுதியாக எழுந்து நின்றது. கடைசிக் கால்பாகத்தில், மில்வாக்கி ஜனம் தன் சொந்த டீம் பந்து வைத்திருக்கும்போது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு ஏன் என்று தெரியாது. கோச் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றதைத் திரையில் காட்டினார்கள்.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். டெவின் விலாவைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காலில் நடந்து வெளியே போனான்.

கோச் வெண்டலின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். "சீசன் முடிஞ்சதும் உக்காந்து பேசலாம்" என்றாராம். அந்த உட்கார்ந்து பேசுவது என்னவென்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வெண்டல் தலையாட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி, ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் எங்கள் பக்கச் சுரங்கவழியை நோக்கித் தனியாக வந்தான். நான் தடுப்புக் கம்பிவரை இறங்கிப் போயிருந்தேன். எனக்குக் குரல் போய்விட்டிருந்தது. அவன் என்மேல் கோபமாக இருக்கிறானா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

அப்போது எனக்குப் பின்னால் ஹார்வி ஆரம்பித்தார். "கிரௌஸ்! வெண்டல் கிரௌஸ்!" அவர் வரிசை பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் வரிசை பிடித்துக்கொண்டது. எண் இல்லை, கொடி இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஊர் என் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

வெண்டல் நின்றான். கேட்டுவிட்டது, முகம் அப்படியே மாறியது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெளியூர்க்காரர்கள் எழுந்து போய்விட்ட எதிர் மூலையின் காலி இருக்கைகளைப் பார்த்து, கையை உயரத் தூக்கி ஆட்டினான். ஹார்வி என்னைப் பார்த்தார். நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அவன் வெகுநேரம் கை ஆட்டிக்கொண்டிருந்தான், நாங்களும் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.